ஓடைப் பாலம் தாண்டிய பூனைகள்

மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கிற டாக்டர் தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் படித்துவிட்டு வந்ததெல்லாம் உண்மைதான். நான் ஒன்றும் குறை சொல்ல மாட்டேன். மாட்டின் இரைப்பைக்கு எத்தனை அறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ரொம்ப சந்தோசம். ஆனால் நான் வேலையில் இருந்த காலம் முழுக்க என்னிடம் அதை ஒருத்தரும் கேட்கவில்லை. வாசலில் வந்து நிற்கிறவர் கேட்பது எப்போதும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். அதிலும் பாதி, மாட்டைப் பற்றியே இருக்காது.

இப்போது நான் சொல்லப்போவது பூனையைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகிப் போனபோது நானும் பூனை என்றால் சிரிக்கிற ஆள்தான். ஆஸ்பத்திரியில் மாட்டுக்கு இடம் உண்டு, ஆட்டுக்கு உண்டு, கோழிக்கும் பன்றிக்கும்கூட உண்டு. பெரிய ஆபீசர் வீட்டு நாய் வந்தால் நாற்காலியே உண்டு. பூனை மட்டும் ‘இதர’ என்கிற கட்டத்தில் கிடந்தது. அதற்கு உடம்புக்கு வந்தால் யாரும் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். அது பாட்டுக்கு ஒரு மூலையில் போய்ப் படுத்துச் செத்துப்போகும், வேறொரு பூனை வந்துவிடும்.

அதே ஊரில் நெசவாளர் தெருவுக்குப் போனால் பூனை இல்லாத வீடு கிடையாது. காரணம் இருக்கிறது. தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி போட்ட நூல் என்றால் எலிக்குக் கல்யாணச் சாப்பாடு. ஒரு எலி புகுந்து கடித்துவிட்டால் வீட்டில் எல்லாரும் சேர்ந்து பாடுபட்டது நாசம். அதனால் வீட்டுக்கு ஒரு பூனை. ஆனால் அதற்குச் சோறு கிடையாது. சோறு போட்டால் பூனை எலி பிடிக்காதாம். இதை அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆக, எலி கிடைக்காத நாளில் அது அணிலைப் பிடிக்கும், ஓட்டுக்கு அடியில் கூடு கட்டின குருவியைப் பிடிக்கும், பக்கத்து வீட்டுக் கருவாட்டைத் தூக்கும். எலி பிடித்தால் எங்க பூனை. கருவாட்டைத் தூக்கினால் அது ஏதோ தெருப் பூனை. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது, தெரு முழுக்க அமலில் இருந்தது.

பூனை வருசத்துக்கு ரெண்டு தரமாவது குட்டி போடும், சில சமயம் மூணு. வீட்டுக்கு ஒன்று என்பது வீட்டுக்கு ஆறு ஏழு என்று ஆகும்போது என்ன செய்வது? கொல்லக் கூடாது. பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் தீராத பாவம் என்பார்கள். நல்ல மனசுக்காரர்கள், பாவத்துக்குப் பயந்தவர்கள். ஆகவே கொல்லாமல், சாக்கில் போட்டுக் கட்டி, பஸ் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதற்கும் ஒரு முறை உண்டு. தண்ணீரைத் தாண்டி விட வேண்டும். தண்ணீர் தாண்டின பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது என்று நம்பிக்கை. பனவடலிசத்திரம் போகிற பாதையில் ஒரு ஓடைப் பாலம் இருந்தது. வருசத்தில் பாதி நாள் அந்த ஓடையில் கால் நனையாது. இருந்தால் என்ன, பாலம் பாலம்தானே. பாலம் தாண்டி முதல் ஸ்டாப்பில் இறங்கி, சாக்கை அவிழ்த்து உதறிவிட்டு, எதிர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். வரும்போது கையும் சுத்தம், மனசும் சுத்தம்.

சாக்கின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, ஜவுளி கொண்டுபோகிற மாதிரிதான் பஸ்ஸில் ஏறுவார்கள். கண்டக்டர் மட்டும், ஜவுளியா மியாவா என்று கேட்டுவிட்டு டிக்கெட் கிழிப்பார். இதில் வேடிக்கை, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன்னுடைய சாக்கு ஒன்றுதான் அந்தப் பாலம் தாண்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஊருக்கு ஒரு பூனை பாரமா, பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். இரக்கசாலிகள் சிலர், அதற்கு ஒரு உருண்டை தயிர்சோறும் வைத்துவிட்டு வந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். வீட்டில் இருந்தவரைக்கும் போடாத சோறு.

அந்த முதல் ஸ்டாப் ஒரு குளத்தங்கரை. ஊர்ப் பெயர் வேண்டாம், இப்போதும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். மழை பெய்து குளம் நிறைந்தால் தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வந்து கூடு கட்டும். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள், குஞ்சு பயந்துவிடும் என்று. கல்யாணத்துக்குக் கொட்டு அடித்தாலும் கரைக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரமே வேண்டாம் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அதற்கு மேல் ஒரு பிரியமும் இருந்தது. அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் குளத்துக்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர் சுடலைமுத்து. மடையைத் திறந்து அடைப்பது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பது, கூடு கட்டுகிற காலத்தில் பறவைகளுக்குக் காவல் இருப்பது, இதுதான் வேலை. அறுப்பு நேரத்தில் ஊர் கொடுக்கிற நெல்தான் சம்பளம். ஐம்பது வயது இருக்கும். அவர்தான் ஒரு நாள் காலையில் என் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். கையில் ஆடும் இல்லை, கோழியும் இல்லை.

“டாக்டரய்யா, ஒரு பூனை சாவதுக்கு எம்புட்டு மருந்து வேணும்? ஆட்டுக்கு ஒண்ணும் ஆவப்பிடாது.”

இந்த இடத்தில் கவனியுங்கள். உங்களில் கெட்டிக்காரர்கள் உடனே எடைக்கு எவ்வளவு மருந்து என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருப்பீர்கள். யோக்கியர்கள், விஷமா, அதெல்லாம் சட்டப்படி குற்றம், போய்யா வெளியே என்று விரட்டியிருப்பீர்கள். ரெண்டு பேரும் உருப்படப் போவதில்லை. மருந்து கேட்டு வருகிறவரை முதலில் பெஞ்சில் உட்கார வையுங்கள். நான் உட்கார வைத்தேன். அதற்குப் பெரிய புத்தி ஒன்றும் காரணமில்லை, அந்த மனுசன் முகத்தைப் பார்த்தால் நின்றபடியே விழுந்துவிடுவார் போல இருந்தது.

மெல்ல மெல்லச் சொன்னார். கரையில் பூனைகள் பெருகிவிட்டன. முதலில் கூட்டிலிருந்து தவறி விழுகிற குஞ்சுகளைத் தின்றுகொண்டிருந்தன. வழக்கமாக விழுந்த குஞ்சை இவர்தான் எடுத்து மறுபடி கூட்டில் வைப்பார். இப்போது இவர் போவதற்குள் இறகு மட்டும்தான் கிடக்கிறது. தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் கரையோர மரங்களில் ஏறவே ஆரம்பித்துவிட்டன. ஒரு மரத்தில் கூடு மொத்தமும் காலி. பக்கத்து மரத்துப் பறவைகள் முட்டையோடு விட்டுவிட்டுப் போய்விட்டன. ஒரு தடவை மிரண்டு போன பறவை மறு வருசம் வராது என்று ஊரில் பேச்சு. ஊர் கூடி முடிவு பண்ணிவிட்டது. கருவாட்டில் பூச்சிமருந்து தடவிக் கரை நெடுக வைப்பது. வைக்க வேண்டியவர் சுடலைமுத்து. வைக்க மாட்டேன் என்றால் வேறு ஆள் வைப்பான், மடையும் அந்த ஆள் கைக்குப் போய்விடும்.

“வைக்கதுக்கு என்ன அண்ணாச்சி தயக்கம்?” என்றேன்.

அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருக்கிறாள். மாசம் ஒன்பது. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் பாம்பைக்கூட அடிக்க மாட்டார்கள், விரட்டித்தான் விடுவார்கள். இவர் எப்படிக் கரை நிறையப் பூனைகளுக்கு விஷம் வைப்பார்? அதனால் ஒரு யோசனையோடு வந்திருந்தார். “நீங்க வச்சுருங்கய்யா. நீங்க வச்சா அது சர்க்கார் வச்ச மாதிரில்லா. சர்க்காருக்குப் பாவம் ஒட்டாது.”

பாருங்கள், இதற்குத்தான் அரசாங்கம் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கருவாட்டைக் கரையில் வைத்தால் முதலில் யார் வருவார்கள் என்று. காக்காயும் பருந்தும் வரும் என்றார். அப்புறம் ஊர் நாய் வரும். செத்த பூனையும் நாயும் கரைச் சரிவில் கிடக்கும். அதைக் கொத்துகிறதும் சாகும், மழை பெய்தால் மிச்சம் குளத்துக்குள் போகும். அந்தக் குளத்தில்தான் ஆடு தண்ணீர் குடிக்கிறது, நாரை மீன் பிடிக்கிறது. எல்லாத்தையும் அவரே சொல்லி முடித்தார். சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். ஊர் ஏற்கெனவே மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறது. வீட்டில் வைக்கப் பயந்து மடியிலேயே கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். வாங்கிப் பூட்டி வைத்தேன். சனிக்கிழமை வரைக்கும் தவணை கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். ஊரும் சனிக்கிழமை வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டது.

இனி நம்முடைய இலாகா சாமர்த்தியத்தைக் கேளுங்கள். தபால் ஆபீசுக்குப் போய், டிரங்க் கால் போட்டு, என் மேலதிகாரியைப் பிடித்தேன். நல்ல மனுசர், எதையும் வேறு இலாகாவுக்குத் தள்ளிவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பறவை சாகிறது என்றால் அது வனத்துறை என்றார். வனத்துறைக்காரர் ஒருத்தரைத் தேடிப் போனேன். சாவது பறவைதான், ஆனால் கொல்வது பூனையாச்சே, காட்டுப் பூனையா வீட்டுப் பூனையா என்று கேட்டார். வீட்டுப் பூனை என்றேன். அப்படியென்றால் வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள் என்றார். சுகாதார ஆய்வாளரோ நாய் என்றால் தன் ஆட்கள் வந்து பிடிப்பார்கள், பூனையைப் பிடிக்கச் சட்டத்தில் வழியில்லை என்று கையை விரித்தார். ஒரு பூனைக்கு இத்தனை பெரிய மனுசர்கள் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வனத்துறைக்காரர் எரிச்சலில் சொன்னதுதான் உருப்படியான பேச்சு. வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டியதுதான்.

நெசவாளர் தெருவுக்குப் போனேன். தெருவுக்கு ஒரு நாட்டாண்மை இருந்தார். வழக்கு வம்பு, கோயில் கொடை எல்லாத்துக்கும் அவர் பேச்சுதான். காப்பி கொடுத்து உட்கார வைத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு எங்கள் தெருவிலிருந்து ஒரு பூனைகூட வெளியே போனதில்லை என்றார். சுற்றி நின்ற எல்லாரும் ஆமாம் என்றார்கள். எங்கள் தெரு ஆட்கள் ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் செய்ய மாட்டார்கள் என்றார். அதற்கும் ஆமாம்.

சரி, போனது போகட்டும், இனிமேல் குட்டி பெருகாமல் இருக்கப் பூனைகளுக்கு ஆபரேசன் செய்கிறேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். குடும்பக் கட்டுப்பாடு ஜீப்பைக் கண்டால் ஆண்பிள்ளைகள் தறிக்கு அடியில் கால் மிதிக்கிற தறிக்குழிக்குள் ஒளிந்த காலம் போய் ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை. ஒருத்தர் என்னை விட்டு ரெண்டடி தள்ளி நின்றுகொண்டார். இன்னொருத்தர், கடுவன் பூனைக்கு அதைச் செய்துவிட்டால் எலி பிடிக்கிற வீரம் போய்விடாதா என்று கவலைப்பட்டார். எலியைப் பிடிப்பது அதனால் இல்லையே அண்ணாச்சி, பல்லால்தானே என்றேன். பொம்பளைகள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. அதோடு கூட்டம் கலைந்தது. ஒரு பூனைகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ஒரு தெரிந்த போலீஸ்காரர், நாலு அதட்டுப் போடவா சார், பூனை விட்டால் ஜெயில் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இல்லாத சட்டத்தைச் சொல்லி மிரட்டினால் ஒரு மாசம் பயப்படுவார்கள், அப்புறம் ராஜபாளையம் ரோட்டில் போய் வேறொரு பாலத்தைக் கண்டுபிடிப்பார்கள். அதட்டி எதையும் செய்ய வைக்கலாம், பொறுப்பாக இருக்க வைக்க முடியாது. இதை நான் மேடையில் பேசுகிறவன் மாதிரிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: பூனை யாருடையது என்று ஊர் பொய் சொல்லலாம், பூனை சொல்லாது.

குளத்துக்குப் போனேன். சுடலைமுத்தும் அவர் ஆட்களும் கோழி மூடுகிற கூடைகளைக் கொண்டுவந்தார்கள். அதே கருவாடுதான், மருந்து மட்டும் இல்லை. குச்சியை முட்டுக்கொடுத்துக் கூடையைச் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தார்கள். பட்டினி கிடந்த வீட்டுப் பூனைகள், மனுசரைக் கண்டால் ஓடக்கூடத் தெரியாதவை. வாலைத் தூக்கிக்கொண்டு கூடைக்குள் வந்தன. ஒன்றிரண்டு காட்டுத்தனமாகிவிட்டவை தப்பின. கிடைத்தவற்றைக் கூடையோடு கட்டி சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றினோம். அதே கண்டக்டர். “போன சரக்கு திரும்புதாக்கும்” என்றார். எல்லாக் கூடைக்கும் லக்கேஜ் போட்டுவிட்டார், சந்தோசத்தில்.

பஸ்ஸில் கூடைகளை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்துக்கொண்டே வந்தேன். சாயங்காலத்துக்குள் நான் ஒரு வழி சொல்லாவிட்டால் ஊர் வேறு ஆளிடம் கருவாட்டைக் கொடுத்துவிடும். பூனைகள் தெருவில் இறங்கி நாலு பக்கமும் சிதறி ஓடிவிட்டால் சுடலைமுத்துவுக்கு மடை போச்சு, குளத்தில் குஞ்சு போச்சு. எனக்குக் கெட்ட பேரோடு போகும். எந்தக் கூடையை முதலில் திறப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது. உடம்பு இளைக்காத, வெளியே விட்டு ரொம்ப நாள் ஆகாத, வீட்டை இன்னும் மறக்காத பூனையாக ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். வெள்ளைப் பெட்டை. வாலில் பாதி ஊதா. சாயத்தொட்டியில் விழுந்து எழுந்த பூனை என்று யாருக்கும் தெரியும்.

நெசவாளர் தெரு நடுவில் கூடைகளை இறக்கினோம். தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. நாட்டாண்மை வந்தார். இது என்ன டாக்டர், எங்கள் தெருப் பூனைகள் இல்லை என்று அன்றைக்கே சொன்னேனே, ஊருக்கு ஊர் பூனை இருக்கிறது என்றார். ஊதா வாலோடு எந்த ஊரில் அண்ணாச்சி பூனை பிறக்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். பெரிய மனுசர் பொய் சொல்லும்போது நீங்கள் கெட்டிக்காரத்தனம் காட்டினால் அவருக்குக் கோபப்பட ஒரு காரணம் கிடைத்துவிடும். சுடலைமுத்து குனிந்து அந்தக் கூடையைத் தூக்கினார்.

பூனை வெளியே வந்து சோம்பல் முறித்தது. ஒருத்தரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேராக நடந்து, நாட்டாண்மை வீட்டுப் படியேறி, தறிக்குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. ஒருவேளை நிழலுக்குப் போயிருக்கும் என்று நாட்டாண்மை ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் வீட்டம்மாள் குரல் வந்தது.

“ஏட்டி நீலா, வந்துட்டியா? எங்கட்டி போன இம்புட்டு நாளு?”

அந்த அம்மாவுக்கு வெளியே நடப்பது ஒன்றும் தெரியாது. பூனை காணாமல் போய்விட்டது என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள் போல. நாட்டாண்மை தரையைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மற்றக் கூடைகளைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒருத்தர் வந்து, அந்த ஓரத்துக் கூடையைச் சும்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். இன்னொருத்தர், பிள்ளைகள் ஆசைப்படுகின்றன என்றார். எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் ஆசை வந்துவிட்டது. கூடைகளைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் ஊரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. யார் விட்டது என்று கேட்கவில்லை. மூணு விசயம் மட்டும் சொன்னேன். பூனைக்கு ஒரு வேளையாவது சோறு வையுங்கள், வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும், சந்தேகமாக இருந்தால் ஒரு மாசம் பாருங்கள். இருட்டினால் கதவைச் சாத்தி உள்ளே வையுங்கள், எலி வருவதும் அப்போதுதான், உங்கள் நூலும் உள்ளேதான் இருக்கிறது. மூன்றாவது ஆபரேசன். அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் மாட்டைவிடப் பூனை அதிகம். கடுவனைச் சாக்கில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்ற ஆண்பிள்ளைகளை எண்ணினால் இப்போதும் சிரிப்பு வரும். பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடிந்தது. ஒரு மாசம் பார்த்தார்கள். எலி எந்த வீட்டு நூலையும் தின்றுவிடவில்லை. பிறகு, இதைத்தானே நாங்கள் அந்தக் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. நீங்களும் மறுக்காதீர்கள். நீங்கள் சொன்னதை ஊர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டால் உங்கள் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

குளத்தில், கரையோர மரங்கள் அந்த வருசம் போனது போனதுதான். அதைத் திருப்ப என்னால் முடியவில்லை. நடு மரங்களில் இருந்த குஞ்சுகள் பறந்தன. மறு வருசம் மழைக்கு நாரைகள் வந்தன, கரையோரம் உட்காரக் கொஞ்சம் யோசித்தன, அதற்கு மறு வருசம் உட்கார்ந்தன. மடை சுடலைமுத்து கையிலேயே இருந்தது. அந்த மருந்துப் பொட்டலத்தை ஊருக்கு வெளியே ஆழக் குழி வெட்டிப் புதைத்தேன். மேலதிகாரி, விசயம் எந்த இலாகாவுக்கும் போகாமல் முடிந்ததற்காக என்னைப் பாராட்டினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. நம் பயிற்சி வகுப்புகளில் இதை இந்த இடத்தோடு நிறுத்தித்தான் சொல்வேன். ஒரு கூடை மிச்சம் இருந்ததை அங்கே சொல்வதில்லை.

எல்லாரும் எடுத்துக்கொண்டு போன பிறகு தெருவில் ஒரே ஒரு கூடை கிடந்தது. யாரும் கேட்டு வரவில்லை. சுடலைமுத்து திறந்துவிட்டார். சாம்பல் நிறப் பெட்டை, எலும்பும் தோலும், வயிறு மட்டும் பெருத்து. சினை. குட்டி போட ரொம்ப நாள் இல்லை. அது ஒவ்வொரு வாசலாகப் போய் மோந்து பார்த்தது. ஒரு வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. அந்த வீட்டுக் கதவை உள்ளிருந்து சாத்தினார்கள். அது திரும்பி வந்து, தெருவில் வேறு போக்கிடம் இல்லாமல், திறந்து கிடந்த கூடைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

எந்த வாசலில் நின்றது என்று எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நாட்டாண்மைதான் என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், சமாதானமாகச் சொன்னார்.

“அது எங்க தெருது இல்ல டாக்டர். எங்கனயாவது ஒரு கரையில விட்டுருங்க. பொழச்சுக்கிடும்.”

காலையிலிருந்து நடந்ததெல்லாம் அவர் கண் முன்னால் நடந்ததுதான். அதற்குப் பிறகும் இதைச் சொல்கிறார். எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. வாயில் வந்ததை நான் கொட்டுவதற்குள் சுடலைமுத்து எழுந்தார். அவர் கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஏதோ தெரியாததைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“அண்ணாச்சி, கொல்லுதது பாவம்னு சொல்லுதிய. சரி, ஒத்துக்கிடுதேன். வளத்துட்டு, விட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போறதுக்கு என்ன பேரு?”

நாட்டாண்மை திரும்பித் தன் வீட்டுப் படியேறினார்.

சுடலைமுத்து அந்தப் பூனையைத் தூக்கிக் கூடையில் வைத்தார். நான் பதறிப்போய், அண்ணாச்சி, திரும்பவும் அந்தக் குளத்தங்கரைக்கா என்று கேட்டேன். கரைக்கு இல்லை, வீட்டுக்கு என்றார். “பிள்ளைத்தாச்சிய நடுத்தெருவுல விட்டுட்டு எம் மவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? உள்ள வச்சுச் சோறு போடுதேன். குட்டி பால்குடி மறந்ததும் நீங்க வந்து ஆபரேசன் பண்ணி விட்டுருங்க.” கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார். அந்தக் குளத்தில் பூனையால் பாடுபட்டவர் அவர் ஒருத்தர்தான், அன்றைக்குத் தன்னுடையது அல்லாத பூனையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவரும் அவர் ஒருத்தர்தான்.

அந்த மாசம் அவர் வீட்டில் ரெண்டு பிரசவம் நல்லபடியாக ஆனது. குட்டிகள் வெளியே போகாமல் கதவை அவர் சாத்தியே வைத்திருந்தார், மருமகன் பிள்ளையைப் பார்க்க வந்தபோதும் தட்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. குட்டிகள் கண் திறந்து, ஓடியாட ஆரம்பித்ததும், நல்ல சாம்பல் நிறம் என்று கேள்விப்பட்டு நெசவாளர் தெருவிலிருந்து ஒருத்தர் பஸ் ஏறிப் போய் ஒன்று கேட்டார். பூனை நின்றதும் கதவைச் சாத்தின அதே வீட்டுக்காரர். சுடலைமுத்து அவரை உட்கார வைத்து, மோர் கொடுத்து, வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். குட்டி கொடுக்கவில்லை.